ஒறம்பரை வந்த வீடு

ஜனவரி 8, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. மருத்துவக் கல்லூரி நடத்தும் ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டத் தெரிய வேண்டும், இந்தப் பக்கத்துப் பேச்சு பேச வேண்டும், பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். ஸ்கூட்டர்தான் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றதெல்லாம் சரி.

பள்ளம் என்று நாங்கள் சொல்லும் ஓடையை ஒட்டிய ஊர்களில் முதுகெலும்பு மூடாமல் பிள்ளைகள் பிறக்கின்றன. மேலே இருக்கும் சாயப்பட்டறைகள் கழிவைப் பள்ளத்தில் திறந்துவிடுகின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டுமாம். ஊருக்கே தெரிந்த விஷயத்தைக் கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள். தரட்டும், நான் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

வீட்டுக்காரர் தறியிலிருந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "வேற வேல எதும் கெடைக்கலியா கோகிலா?" என்றார். "இதுக்கு என்ன கொறச்சலுங்க?" என்றேன். ரசம் ஊற்றச் சொன்னார்.

ஜனவரி 10, புதன்

பயிற்சி. ஆய்வுக்குத் தலைமை டாக்டர் எஸ்தர். நாகர்கோவில்காரர், ஆள் ஒல்லி, குரல் கனம். நோய் உள்ள பிள்ளையின் வீட்டுக்குக் 'கேஸ்' என்று பெயர், போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. நல்லபடி இருக்கும் பிள்ளையின் வீட்டுக்குக் 'கன்ட்ரோல்', ரேஷன் கடை மாதிரி. ஒரு கேஸ் வீட்டுக்கு இரண்டு கன்ட்ரோல் வீடு. எல்லா அம்மாக்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, எந்தப் பக்கம் என்ன அதிகம் என்று பார்ப்பார்கள்.

முக்கியமான கேள்வி தண்ணீரைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் இரண்டு தண்ணீர். ஆற்றிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி. வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒரு தடவை எட்டிப் பார்க்கும். பள்ளத்தோரம் பஞ்சாயத்து போட்ட போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. துவைக்கவும் கழுவவும்தான் அது, ஆனால் நல்ல தண்ணி தீர்ந்துபோனால் குடிக்கவும் அதுதான். பிள்ளை தரித்த முதல் மூன்று மாதத்தில் உப்புத் தண்ணி குடித்தீர்களா என்று கேட்க வேண்டும்.

"ஒரே கேள்வி, ஒரே சொல்லு, ஒரே குரல்" என்றார் டாக்டர். "யாருக்கும் எடுத்துக் குடுக்கக் கூடாது. ஞாபகம் இல்லைன்னு சொன்னா 'தெரியாது'ன்னு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போங்க." பேச்சைப் பதிவு செய்ய ஆளுக்கொரு சின்ன ரெக்கார்டர் கொடுத்தார்கள்.

நான் எழுந்து கேட்டேன். "ஒரு கொழந்தைக்கு எதனால இப்பிடி ஆச்சுன்னு கடைசீல சொல்லீருவீங்களா டாக்டர்?"

"ஒரு குழந்தைக்குச் சொல்ல முடியாது கோகிலா. நூறு தாய்மாரைச் சேத்துப் பாத்து, இந்தத் தண்ணி குடிச்சவங்களுக்கு ஆபத்து கூடுதல்னு சொல்லலாம். அவ்வளவுதான். குடிச்ச எல்லாருக்கும் இப்படிப் பிறக்கலை. குடிக்காதவங்களுக்கும் பிறந்திருக்கு. ஒரு தனிப் பிள்ளையைக் காட்டி, 'இதனாலதான்'னு எந்த டாக்டரும் சொல்ல முடியாது."

இவ்வளவு படித்தும் இப்படித்தான் வழுக்குகிறார்கள். மதியம் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். புளிப்பு.

ஜனவரி 17, புதன்

பொங்கலுக்குச் சத்தியமங்கலம் போய் வந்தோம். அம்மா வீட்டுக்குப் பின்னால் இரண்டு வயல் தாண்டினால் பவானி. அந்தத் தண்ணீரில் காபி போட்டால் தனி ருசி. கிளம்பும்போது அம்மா உப்பு நெல்லிக்காய் ஜாடியைத் திறந்து, "வவுத்தோட வந்தப்ப உனக்கு இதொண்ணுதான் எறங்குச்சு..." என்று ஆரம்பித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன். அவருக்கு பஸ் ஜன்னலோரம் வேண்டுமாம், சின்னப் பிள்ளை.

ஜனவரி 23, செவ்வாய்

நொச்சிவலசு. கேஸ் வீடு. அம்மா பெயர் கலாமணி, இருபத்தைந்து வயது இருக்கும். பையன் தர்சனுக்கு மூன்று வயது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. பாயில் குப்புறப் படுத்து பிளாஸ்டிக் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு மூடியைத் தூக்கிக் காட்டினான். நல்ல சிரிப்பு. முகிலுக்கும் கன்னம் இப்படித்தான்.

உப்புத் தண்ணிக் கேள்விக்குக் கலாமணி, "இல்லீங்க்கா, எங்கூட்ல நல்ல தண்ணிதான்" என்றாள். அவள் மாமியார் உள்ளிருந்தே, "தண்ணி என்ன பண்ணுச்சு? கெரகணத்தன்னிக்கு அருவாமணையில உக்காராதீன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னன், கேட்டாளா?" என்றாள். கலாமணி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா நெனச்சுப் பாரு கண்ணு" என்றேன். "அவசரமில்ல. அந்த மூணு மாசத்துல ஊர்ல என்ன நடந்துச்சு?"

நெடுநேரம் யோசித்தாள். அப்புறம், "மாரியாத்தாளுக்குக் கம்பம் நட்டிருந்தாங்க்கா. ஊடு நெறைய ஒறம்பரை" என்றாள். எங்கள் பக்கத்தில் கோயிலில் கம்பம் நட்டால் திருவிழா தொடங்கிவிட்டது என்று அர்த்தம், விருந்தாளிக்கு ஒறம்பரை என்று பெயர். ஒறம்பரை வந்தால் நல்ல தண்ணியை அவர்களுக்குத்தான் மோந்து கொடுப்போம். வீட்டுப் பெண்கள் எதையாவது குடித்துக்கொள்வார்கள். மருமகள் என்றால் சொல்லவே வேண்டாம்.

"அப்ப நீ என்ன குடிச்சே?"

"உப்புத் தண்ணிதாங்க்கா!" சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமாங்க்கா, உப்புத் தண்ணிதான் குடிச்சன்." அழுதாள். மாமியார் வெளியே வந்து நின்றாள். டம்ளரில் மோர் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, போனதே தெரியவில்லை.

ஜனவரி 24, புதன்

கன்ட்ரோல் வீடுகள் இரண்டும் காலையிலேயே முடிந்தன. நிஷாந்தி என்று ஒருத்தி, கலாமணி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. "உப்புத் தண்ணி குடிச்சீங்களா?" "இல்லீங்." முடிந்தது. அவள் பையன் ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி ஓடி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். தலைவலி.

பிப்ரவரி 1, வியாழன்

வழி கிடைத்துவிட்டது. மூன்று மாதத்தில் என்ன குடித்தீர்கள் என்று மொட்டையாகக் கேட்டால் எவளுக்கு ஞாபகம் இருக்கும்? ஒறம்பரை வந்ததைக் கேட்டால் தண்ணீர் தானாக வருகிறது. கம்பம், காதுகுத்து, எழவு, ஏதோ ஒன்று. இந்த வாரம் பார்த்த கேஸ் வீடுகளில் ஏறக்குறைய எல்லாரும் ஞாபகப்படுத்திச் சொல்லிவிட்டார்கள். பாவம், யாரும் அவர்களைப் பொறுமையாக உட்கார வைத்துக் கேட்டதில்லை.

ஒருத்தி என்னைக் கேட்டாள், "உங்களுக்கு எத்தன கொழந்தைங்கக்கா?" தாளைப் புரட்டி அடுத்த கேள்விக்குப் போனேன்.

பிப்ரவரி 3, சனி

லீவு. இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். யார் பெயருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டார். முகில் என்றேன். நட்சத்திரம் கேட்டார். வீட்டுக்காரர்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

பாதி வீடுகள் முடிந்ததும் ஒரு கணக்குப் பார்த்தார்களாம். கேஸ் வீடுகளில் உப்புத் தண்ணி குடித்தவர்கள் கன்ட்ரோல் வீடுகளைவிட மிக அதிகம். "இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நான் எதிர்பாக்கலை" என்றார் டாக்டர் எஸ்தர். முகத்தில் சந்தோஷம் இல்லை, புருவம் சுருங்கியிருந்தது. வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அடுத்த மாதம் கலெக்டர் ஆபீசில் விசாரணை, பட்டறைகளை மூடுவதா என்று முடிவெடுப்பார்கள், எங்கள் அறிக்கையும் அங்கே போகும்.

மைசூர்பாகு வாங்கி வந்தேன். பக்கத்து லைன் வீட்டு அம்மா, "என்ன விசேசம்?" என்று துருவினாள். சும்மா என்றேன். பன்னிரண்டு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருப்பதை இப்போது டாக்டர்கள் சொல்லப்போகிறார்கள், அது விசேஷம் இல்லாமல் என்ன? தறியிலிருந்து வந்த அவர் ஒரு துண்டு எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "தண்ணிதான்னு ஆயிருச்சு பாருங்க" என்றேன். "செரி" என்றார்.

பிப்ரவரி 19, திங்கள்

கலாமணியிடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாதுதான். அந்த வழியாகப் போனேன், அவள் தெருக்குழாயில் நின்றிருந்தாள், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா போவது? "தண்ணிதான் கண்ணு. உன்ற மேல எந்தத் தப்புமில்ல." குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். குழாயடியில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கேட்கட்டும்.

பிப்ரவரி 26, திங்கள்

கலாமணியின் மாமியார் இப்போது தர்சனைக் குளிப்பாட்டுகிறாளாம். இத்தனை நாள் தொட்டதே இல்லை.

மார்ச் 6, புதன்

டாக்டர் எஸ்தர் தனியாகக் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு லேப்டாப். "கோகிலா, ரெண்டு பதிவு போடுறேன். கேளுங்க."

முதலில் கலாமணி வீடு. என் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நல்லா நெனச்சுப் பாரு கண்ணு. அவசரமில்ல கண்ணு. அப்ப நீ என்ன குடிச்சே? நடுவில் தர்சன் ஏதோ கேட்டுச் சிரித்தான். அடுத்தது நிஷாந்தி வீடு. கடையில் பாக்கிச் சில்லறை கேட்கிற குரல். உப்புத் தண்ணி குடிச்சீங்களா? இல்லீங். சரி, அடுத்தது.

"எல்லாப் பதிவையும் கேட்டுட்டேன்" என்றார். "கேஸ் வீடு எல்லாத்துலயும் ஒறம்பரை பத்திக் கேட்டிருக்கீங்க. கன்ட்ரோல் வீடு ஒண்ணுல கூடக் கேக்கலை."

"அவிகளுக்கு எதுக்குங்க டாக்டர்? அவிக கொழந்தைக நல்லாத்தான இருக்குது?"

அவர் மெதுவாகக் கேட்டார். "ஒறம்பரை வராத வீடு உங்க ஊர்ப் பக்கம் இருக்கா கோகிலா?"

கம்பம் நட்டால் ஊருக்கே ஒறம்பரை. நிஷாந்தி வீட்டுக்கும்தான் வந்திருப்பார்கள். அவளும்தான் மருமகள்.

"நிஷாந்தியையும் இதே மாதிரிக் கேட்டிருந்தா அவங்களும் குடிச்சேன்னுதான் சொல்லியிருப்பாங்க. சொல்லாமலும் இருந்திருக்கலாம். நமக்குத் தெரியாது. அந்த வித்தியாசம் தண்ணியில இருந்ததா, உங்க குரல்ல இருந்ததான்னு இனிமே யாராலயும் பிரிக்க முடியாது."

பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குக் குழந்தை?"

"இருந்தான்" என்றேன். "முதுகுல கட்டியோட பொறந்தான். பள்ளத்தோரம் புதூர்ல குடியிருந்தமுங்க அப்ப. ஏழு மாசம் இருந்தான்."

லேப்டாப்பை மூடினார். "வேலைக்கு எடுக்கும்போது நான் கேட்டிருக்கணும். முதல் வாரமே பதிவைக் கேட்டிருக்கணும். அது என் தப்பு." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 7, வியாழன்

படுத்தே கிடந்தேன். அவர் கடையில் இட்லி வாங்கி வைத்துவிட்டுத் தறிக்குப் போனார்.

மார்ச் 11, திங்கள்

மறுபடி முதலிலிருந்து எல்லா வீட்டுக்கும் வேறு ஆளை அனுப்பிக் கேட்கச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சினேன். சம்பளம் வேண்டாம், வாங்கியதையும் திருப்பித் தருகிறேன் என்றேன்.

"அனுப்பினேன்" என்றார். "நாலு வீட்டுக்கு அனுப்பிப் பாத்தேன். கதவைத் திறக்கும்போதே 'நாங்க உப்புத் தண்ணிதான் குடிச்சோம், எழுதிக்கோங்க'ன்னு சொல்றாங்க. கன்ட்ரோல் வீட்லயும் அதேதான், ஊர் பிள்ளைகளுக்கு நல்லது நடக்கட்டும்னு. என்ன பதில் வேணும்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனி அந்த ஊர்கள்ல இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலே கிடையாது."

குழாயடியில் நான் சொன்னது எப்படியெல்லாம் பரவியிருக்கிறது. கேட்டுக் கேட்டு ஞாபகத்தையே கெடுத்து வைத்துவிட்டேன்.

"அப்ப தண்ணி காரணமில்லைங்களா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆதாரம் இல்லைங்கறது வேற, பாதிப்பு இல்லைங்கறது வேற. ஆனா பட்டறைக்காரங்க வக்கீல் ரெண்டையும் ஒண்ணுன்னுதான் பேசுவாரு."

மார்ச் 18, திங்கள்

ரேஷன் கார்டில் திருத்தம் செய்யப் போனேன். க்யூவில் நிற்கும்போது முன்னால் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அதன் முதுகில் சட்டை விலகியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழவழவென்று இருந்தது. கார்டைத் திருத்தாமலே வந்துவிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

விசாரணையில் டாக்டர் எஸ்தர் அறிக்கையைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னாராம். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. வக்கீல் எழுந்து, மருத்துவக் கல்லூரியே ஆய்வு செய்து ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை என்றாராம். பட்டறைகள் ஓடும். நல்ல தண்ணியும் எப்போதும் போல எப்போதாவது வரும்.

எனக்கும் வேலை போயிற்று. அது ஒன்றும் பெரிதில்லை.

மார்ச் 25, திங்கள்

கலாமணிக்கு நானே சொல்ல வேண்டும் என்று போனேன். சொல்லி முடிக்கும்வரை தர்சனின் காலைப் பிடித்துவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப தண்ணியில்லீங்களாக்கா?"

"இல்லைன்னு சொல்லலீயே கண்ணு. தெரியலைன்னு சொல்றாங்க."

"தெரியலைன்னா?" வீட்டுக்குள் பார்த்தாள். மாமியார் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தெரியலைன்னா மறுக்கா என்ற மேலதானக்கா வரும்?"

டாக்டர் சொன்னதெல்லாம் வாய்வரை வந்தது. நூறு தாய்மார், கூடுதல் ஆபத்து, தனிப் பிள்ளைக்குச் சொல்ல முடியாது. இதில் எந்தச் சொல்லை எடுத்து அவள் மாமியாரிடம் நீட்டுவது? கிரகணம் காரணமில்லை, அது மட்டும் நிச்சயம் என்று சத்தமாகச் சொன்னேன், உள்ளே கேட்கும்படி. "அதையும் அப்பறம் வந்து மாத்திச் சொல்லுவீங்களாட்ட" என்று பதில் வந்தது.

தர்சன் ஒரு மூடியை நீட்டினான். வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருக்கலாம் என்று வரும் வழியில்தான் தோன்றியது.

ஏப்ரல் 4, வியாழன்

எங்கள் தெரு மாரியம்மனுக்கும் கம்பம் நட்டாயிற்று. காலையில் அம்மா சத்தியமங்கலத்திலிருந்து வந்தாள், உப்பு நெல்லிக்காய் ஜாடியோடு. நல்ல தண்ணி வந்து ஒன்பது நாளாகிறது. அடிக்குடத்தில் இருந்ததை மோந்து அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் உப்புத் தண்ணியைக் குடித்தேன். யோசித்துக்கூடச் செய்யவில்லை.

அம்மா என் முகத்தைப் பார்த்து, "ஏன் இப்பிடி எளைச்சுட்டே?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். தண்ணீர், பட்டறை, கலாமணி எல்லாம். புரிந்ததோ இல்லையோ, கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பட்டறத் தண்ணிக்கும் நம்ம முகிலுக்கும் என்ன புள்ள?" என்றாள். "வவுத்துல தங்குன ஒடனே வாந்தியின்னு மாப்பிள்ள கொண்டாந்து உட்டாரு. மூணு மாசமும் என்ற ஊட்லதான கெடந்தே? ஆத்துத் தண்ணியும் இந்த நெல்லிக்காயுந்தான உனக்கு?"

அவர் வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்தார்.

அம்மா கோயிலுக்குப் போனதும் அவரிடம் கேட்டேன். "அம்மா சொல்றது நெசமாங்க?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா? இத்தன வருசமா?"

வாசற்படியில் உட்கார்ந்தார். "பையன் போனப்பறம் நீ சோத்துல கையே வெக்கல கோகிலா. நான் என்ன பாவம் பண்ணுனேன், என்ன தின்னேன், எங்க உழுந்தேன்னு உன்னயவே நோண்டிக்கிட்டுக் கெடந்தே. ஒருநாள் திடீர்னு தண்ணிதான் காரணம்னே. அன்னிக்கு ரெண்டு வாய் சாப்பிட்டே." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதனால நானும் தண்ணின்னே வெச்சுக்கிட்டேன்."

அவர் தறிக்குப் போய்விட்டார். ஜாடியைத் திறந்து ஒரு நெல்லிக்காயை வாயில் போட்டுக்கொண்டேன். பல் கூசியது. அம்மா வீட்டுப் பின்கட்டு, ஈரத்துணி, வாந்தி, ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்று எல்லாம் ஞாபகம் வருகிறது. நிஜமாகவே ஞாபகம் வருகிறதா, அம்மா எடுத்துக் கொடுத்ததால் வருகிறதா, தெரியவில்லை.

நடுவில் ஒரு நாளாவது புதூருக்கு வந்து போயிருப்பேன். கம்பத்துக்கோ காதுகுத்துக்கோ. வந்திருந்தால் வீட்டில் ஒறம்பரை இருந்திருக்கும். நல்ல தண்ணியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் மற்றதைக் குடித்திருப்பேன். நல்லா நெனச்சுப் பாரு கண்ணு, அவசரமில்ல கண்ணு என்று மதியத்திலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.